சைகோனில் ஏறிய கம்பெனி பஸ்

வியட்நாம் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் வீடியோக்கள் போனைத் திறந்தாலே கொட்டுகின்றன. கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே பேசுகிறார்கள். அவற்றில் ஒன்றுகூட மாதனூரிலிருந்து போகிற, முட்டிவலி உள்ள, வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத ஒரு பொம்பளைக்கு உதவாது. பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் நானே எழுத உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் குறிப்பாகச் சிலர் படித்தே ஆக வேண்டும். அவர்கள் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் மல்லிகா. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்து, இப்போது அதே லைனுக்கு சூப்பர்வைசர். நடுவில் தபாலில் பி.ஏ. தமிழ் படித்தேன். என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது இந்தக் கட்டுரையைக் காட்டுவேன். எங்களுக்கு ஒரே பெண், தர்ஷினி. காலணி வடிவமைப்பு படித்தாள். சைகோனில் ஒரு ஷூ கம்பெனியில், புது மாடல்களுக்கு அளவு போட்டு வடிவம் வெட்டும் வேலையில் இருக்கிறாள். மேப்பில் தேடினால் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும். அங்கே இருக்கிறவர்கள் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பெண்ணைக் கூட்டிவரப் போனேன். குடியாத்தத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், ஒரே பையன், நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெண் படித்திருப்பது சந்தோஷம், ஆனால் வெளிநாட்டில் தனியாக இருக்கிற பெண் ஒத்துவராது என்றார்கள் அவர்கள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டால் ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களாம். என் வீட்டுக்காரர் ஏழுமலையும் அவருடைய அண்ணனும் உட்கார்ந்து பேசினார்கள். எனக்குப் போக வர ஒரு டிக்கெட், தர்ஷினிக்கு வர மட்டும் ஒரு டிக்கெட் என்று ஏற்பாடு ஆயிற்று. கம்பெனியில் லீவு கிடைக்காது என்பதால் அவர் வரவில்லை. எனக்குக் கிடைத்தது, ஏனென்றால் நான் சண்டை போட்டு வாங்கினேன்.

"போய்க் கூட்டிக்கினு வா. அவ பேசறத கேட்டுக்கினு நிக்காத," என்றார் அவருடைய அண்ணன்.

தனியாகவா போகிறாய், பயமாக இல்லையா என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. பயமாகத்தான் இருந்தது. அதை இவர்களிடம் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நான் இளைத்துப்போகவில்லை.

முதல் யோசனை, ஆற்காடு மக்கன் பேடாவைக் கைப்பையில் கொண்டுபோகாதீர்கள். பேடாவை விடுவார்கள், அது ஊறுகிற சர்க்கரை ஜீராவை விடமாட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் ஜீரா தண்ணீர்க் கணக்கில் வருமாம். டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார் அந்த அதிகாரி. எங்கள் ஊர் இனிப்பைத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. ஓரமாகப் போய் ஜீராவை மட்டும் வடித்துக் கொட்டிவிட்டு, பேடாவைக் காட்டி, இப்போது இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. விட்டுவிட்டார். பெரிய பையில் போட்டிருந்தால் இந்தப் பேஜாரே இல்லை.

சைகோனில் இறங்கி வெளியே வந்தால் தர்ஷினி இரண்டு ஹெல்மெட்டோடு நிற்கிறாள். காரில் அழைத்துப்போவாள் என்று நினைத்துப் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகைப்பூவுமாக வந்திருந்தேன். பெரிய பையை ஒரு வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு, என் தலையில் பூவோடு சேர்த்து ஹெல்மெட்டை அமுக்கி ஸ்கூட்டரில் ஏறச் சொன்னாள். ஊரில் இவளை பைபாஸ் வரைக்கும் வண்டி ஓட்ட நான் விட்டதில்லை. லாரிகளைக் காரணம் சொல்வேன். இங்கே எறும்புப் புற்றைக் கலைத்தது போல் நாலா பக்கமும் வண்டிகள். அவள் நடுவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த என்னைச் சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

சாலையைக் கடக்கும் வித்தையை அன்று சாயங்காலமே கற்றுக்கொண்டேன். வண்டி நிற்கும் என்று காத்திருந்தால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான். இறங்கி, ஒரே வேகத்தில், மெதுவாக நடக்க வேண்டும். ஓடக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, முக்கியமாகப் பின்வாங்கக் கூடாது. நாம் எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டு அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். பின்வாங்கினால்தான் அடிபடும்.

தர்ஷினியின் அறை ஒரு சந்துக்குள் மூன்றாவது மாடி. அவளோடு லான் என்ற உள்ளூர்ப் பெண்ணும் இருக்கிறாள், அதே கம்பெனி. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பதில் நம்மைவிடக் கண்டிப்பு. அரிசி அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்து, அதற்குள் கீரையும் சேமியாவும் வைத்துச் சுருட்டி, மீன் சாற்றில் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தாள் லான். அந்த வாசனை எனக்குப் பிடிக்காதோ என்று இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவளுக்கு மீன் வாசனை ஒரு விஷயமா? இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கழிப்பறையில் கையால் பிடித்து அடிக்கும் தண்ணீர்க் குழாய் இருந்தது. இதை எந்தக் கண்ணாடிப் பையனும் சொல்லவில்லை. நம்மவர்கள் நிம்மதியாக வரலாம்.

டிக்கெட்டைப் பற்றி அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெளியே போகாதே, சாயங்காலம் நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு தர்ஷினி வேலைக்குப் போனாள். அவள் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "சாய்" என்று ஒரு சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் அது இருந்தால் சைவம், அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். காபியில் டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, அடியில் கெட்டிப் பாலை ஊற்றித் தருகிறார்கள். குள்ளமான பிளாஸ்டிக் முக்காலிதான் உட்கார. உட்காருவது சுலபம். எழுந்திருக்க எனக்குக் கடைக்காரம்மா கை கொடுத்தாள். நோட்டுகளில் நீலமாக இரண்டு உண்டு, ஒன்று சில்லறை, ஒன்று பெரிய தொகை. சந்தையில் நான் பெரியதை நீட்ட, அந்தப் பெண் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துச் சின்னதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி வராதீர்கள்.

இந்த ஊரிலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மவர்கள் எப்போதோ கட்டியது, கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். சன்னதிக்குப் பின்னால் போய்க் கல்சுவரில் நெற்றியை வைத்து, காதோடு பேசுகிற மாதிரி வேண்டுதலைச் சொல்கிறார்கள். நானும் நெற்றியை வைத்தேன். என் பெண் அழாமல், அடம் பிடிக்காமல் என்னோடு வர வேண்டும், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். தமிழில் கேட்டு அம்மனுக்கும் எத்தனை நாள் ஆயிற்றோ, கட்டாயம் செய்வாள் என்று நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். தர்ஷினி அதில் தன் பெயரைப் படித்துவிட்டு மறுபடியும் ஒரு முறை படித்தாள்.

"என்னைக் கேக்காமலே என் பேர்ல போட்டுட்டீங்களா?"

அப்பாவும் பெரியப்பாவும் முடிவு பண்ணினார்கள் என்றேன்.

"நீ? நீ இன்னா முடிவு பண்ண?"

அது நல்ல குடும்பம், பையனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, பெண்ணுக்கு வயது ஏறுகிறது என்று பதினாறு பேர் என்னிடம் சொன்னதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன். லானுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தர்ஷினி சாப்பாட்டை முடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மக்கன் பேடா டப்பா திறந்தபடி கிடந்தது.

சனிக்கிழமை அவளுக்கு வேலை நாள். நான் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டாள். இன்னொரு முறை கோயிலுக்குப் போய் அம்மனிடம் முறையிடலாம் என்று தோன்றியது. புடவை இந்த ஊர்ப் பஸ்ஸுக்குத் தோதில்லை என்று சுடிதார் போட்டுக்கொண்டேன். மேலே தர்ஷினியின் பூப்போட்ட தொப்பிச் சட்டை, புகைக்காக முகக்கவசம். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் வெயிலுக்கு இப்படித்தான் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு போகிறார்கள். சந்து முக்கில் இருந்த கடை எதிரே பஸ்ஸுக்காக நின்றேன். என்னைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் கழுத்தில் கம்பெனி அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக நின்றார்கள்.

வெள்ளை பஸ் ஒன்று வந்தது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பெண்கள் நகர்ந்தார்கள். நானும் ஏறிவிட்டேன்.

இதைக் கேட்டு எங்கள் லைனே சிரித்தது, நீங்களும் சிரியுங்கள். ஆனால் மாதனூர்க்காரிக்குத்தான் இது புரியும். கம்பெனி பஸ் ஒரு நிமிஷம்கூட நிற்காது. ஹாரன் கேட்டதும் கால் படியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. இத்தனை வருஷமாக அந்த ஹாரனுக்குப் பழகின கால் இது, என்னைக் கேட்டுக்கொண்டா ஏறும்? உள்ளே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எங்கள் பஸ்ஸிலும் கேட்க மாட்டோம், புது முகம் என்றால் புதிதாகச் சேர்ந்தவள் என்று இடம் விடுவோம். என் வயதுக்காரி ஒருத்தி நகர்ந்து ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவதும் கம்பெனி பஸ் பழக்கம்தான். தூங்கிவிட்டேன்.

அந்தப் பெண் தோளைத் தொட்டு எழுப்பியபோது பஸ் ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் நின்றிருந்தது. இறங்கி முகக்கவசத்தை இழுத்துவிட்டு மூச்சு இழுத்தேன். ஷூ ஒட்டும் பசையின் நெடி. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, லீவு போட்டுவிட்டு வந்த இடத்திலேயே வந்து நிற்கிறேன். கேட்டில் எல்லோரும் அட்டையைக் காட்டி உள்ளே போக, அட்டை இல்லாத நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். செக்யூரிட்டி ஆள் சத்தம் போட்டுப் பேசினான். நான் தமிழில் அதைவிடச் சத்தமாகப் பேசினேன்.

என் பக்கத்து சீட்டுக்காரி உள்ளே போகாமல் நின்றுவிட்டாள். அவள் பெயர் ஹோவா. ஒருவர் பேசினால் மற்றவர் மொழியில் சொல்லும் வசதி போனில் இருக்கிறதே, அதைத் திறந்து என் வாயருகே நீட்டினாள். அந்த வசதியை நீங்களும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தப்பான பஸ் ஏறிவிட்டேன், நானும் ஷூ கம்பெனிதான், தையல் லைன் என்றேன். அவள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி ஏறின தழும்பைக் காட்டினேன். அவளும் தன்னுடையதைக் காட்டினாள். பையிலிருந்து பாதி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். எதற்காக இந்த ஊருக்கு வந்தாய் என்று கேட்டாள். என் பெண் இங்கே வேலை செய்கிறாள், வேலையை விடச் சொல்லி ஊருக்குக் கூட்டிப்போக வந்தேன் என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்துப் போனில் என்னவோ சொன்னாள். போன் அதைத் தமிழில் சொன்னது.

"உங்கள் மகள் என்ன தப்பு செய்தாள்?"

நான் சூப்பர்வைசர். நன்றாக வேலை செய்கிற பெண்ணை லைனிலிருந்து நான் எழுப்பி அனுப்பியதில்லை. தப்பு செய்தால்தான் எழுப்புவோம், அதுவும் என்ன தப்பு என்று சொல்லிவிட்டுத்தான். ஹோவா அந்தக் கணக்கில்தான் கேட்டாள். ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். போன் அதை அவளுக்குச் சொன்னது. அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். என்னிடம் வேறு எதுவும் இல்லை. உள்ளே கம்பெனி சங்கு ஊதியதும் என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

அதற்குப் பிறகுதான் தர்ஷினிக்குப் போன் போட்டேன். அது அவளுடைய கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. செக்யூரிட்டியிடம் கொடு என்றாள். போனை வெளியே கேட்கும்படி வைத்துக் கொடுத்தேன். என் பெண்ணின் குரல் நான் அறியாத ஒரு மொழியில் வந்தது. கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை, வேலை தெரிந்தவள் பேசுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசினாள். நடுவில் ஏதோ சொல்ல, அத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருந்தவன் பல் தெரியச் சிரித்தான். நாற்காலி வந்தது, ஐஸ் போட்ட தேநீர் வந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிற பெண் இவள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பைக்குள் இருந்த டிக்கெட்டின் ஞாபகமும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் வந்தாள். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தக்கூட முடியாமல் சிரித்தாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு அவள் சிரித்ததே எனக்குப் போதும். வழியில் நொய்யரிசிச் சோறு வாங்கிக் கொடுத்தாள். நம் ஊரில் நொய்யைக் கஞ்சிக்கு ஒதுக்குவோம், கோழிக்குப் போடுவோம். இங்கே அதற்கென்றே தனிக் கடைகள். பன்றி வேண்டாம் என்று சொல்லி முட்டையோடு சாப்பிட்டேன், பருக்கை பருக்கையாக அவ்வளவு ருசி.

சாப்பிட்டுக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியான மழை இங்கே நேரத்துக்கு வருகிற ஆள், மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகாதீர்கள். தர்ஷினி சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தாள். ஒரே கோட்டில் இரண்டு தலைக்கு இரண்டு ஓட்டை. ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் உட்காருகிறவருக்கு ஒன்று. இரண்டு பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒரு கடையோரம் மழை குறையட்டும் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். முகம் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"நீ மொதமொத கம்பெனிக்குப் போறப்போ பெரியப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

பஸ் ஏறினால் திரும்பி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னார். அது ஊருக்கே தெரியும். சாயங்காலம் வந்து அதே படியில் ஏறினேன், சோறு வடித்தேன். அதுவும் ஊருக்குத் தெரியும்.

"அப்போ யார கேட்டுக்கினு பஸ் ஏறுன? இன்னிக்குத்தான் யார கேட்டுக்கினு ஏறுன?"

மழை கோட்டின் மேல் சடசடவென்று விழுந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பையனையும் குறை சொல்லவில்லை. "என்னை வந்து பார்க்கட்டும். நானும் பார்க்கறேன். வேலைய மட்டும் விட மாட்டேன்மா," என்றாள். பின்னாலிருந்து அவள் முதுகில் கையை வைத்தேன். டிக்கெட்டைக் கிழித்துப்போட்டுவிடு என்றேன். இதெல்லாம் இப்போது போனில்தானே இருக்கிறது, காகிதத்தைக் கிழித்து என்ன ஆகப்போகிறது என்று சிரித்தாள். ஆனாலும் ராத்திரி லானைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நான்தான் கிழித்தேன். மிச்சமிருந்த மக்கன் பேடாவை மூன்று பேரும் தின்று தீர்த்தோம். ஜீரா இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு முழுக்க என்னை அழைத்துக்கொண்டு சுற்றினாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கண்ணாடிப் பையன்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேராக வேலைக்குப் போனாள். விமானத்தில் என் பக்கத்து சீட் காலி. கைப்பையை அதில் வைக்கக் கூடாது என்று அந்தப் பணிப்பெண் சொன்னாள். இது என் பெண்ணுக்குக் காசு கொடுத்த சீட் என்று சொல்லிப் பார்த்தேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தோற்றேன்.

சென்னையில் ஏழுமலையும் அவருடைய அண்ணனும் காரோடு வந்திருந்தார்கள். நான் பை வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். என்னைத் தாண்டி வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

"எங்க அவ?"

"வேலைக்குப் போயிருக்கா," என்றேன்.

அவருடைய அண்ணன் என்னோடு பேசாமல் தம்பியோடு பேசினார். குடியாத்தத்துக்கு என்ன பதில் சொல்வது, ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்றார். நான்தான் சொன்னேன்.

"அவ ஒரு தப்பும் பண்ணல, எழுப்பிக் கூட்டியார. அவங்களுக்குப் பொண்ண பார்க்கணும்னா அவ இருக்கற எடத்துக்கு வரச் சொல்லுங்க. எப்படி வரணும்னு நான் எழுதித் தர்றேன்."

கார் வேலூர் சத்துவாச்சாரியைத் தாண்டும்போது ஏழுமலை ரோட்டைப் பார்த்தபடியே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். நொய்யில் சோறு ஆக்கித் தின்கிறார்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்றேன். அங்கே வண்டி ஓட்டுகிறாளா என்றார். ஓட்டுகிறாள், பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், எழுதிவிட்டேன். குடியாத்தத்துக்காரர்களே, இது உங்களுக்குத்தான். பெண் பார்க்க வரும்போது இனிப்பைப் பெரிய பையில் போடுங்கள். நீல நோட்டைக் கவனித்துக் கொடுங்கள். சாலையில் இறங்கிவிட்டால் பின்வாங்காதீர்கள். செருப்பை வாசலிலேயே விடுங்கள். மழை வந்தால் இரண்டு தலை நுழையும் கோட்டு இருக்கிறது, பையனுக்கு அதில் இடம் கிடைக்கும்.

வருவதானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். மற்ற நாளில் பெண் வேலைக்குப் போயிருப்பாள்.